ஃபங்ஷன் எங்கே நடக்கிறது?



'ஃபங்ஷன்' என்றதும் நம்மில் பலருக்குக் கல்யாண மண்டபமும் வாழை இலையும்தான் முதலில் கண்ணில் தெரியும். நான் எழுத வந்தது சி புரோகிராமில் வரும் ஃபங்ஷனைப் பற்றி. ஆனாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எந்த ஃபங்ஷனாக இருந்தாலும் சரி, அது எங்கே நடக்கிறது என்று தெரியாமல் கிளம்பினால் ஊரையே சுற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எடிட்டரில் நம் கர்சர் ஒரு ஃபங்ஷனின் பெயர்மேல் நிற்கிறது. அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கும் இடத்துக்கு நொடியில் போக வேண்டும். எப்படி? இதுதான் இக்கட்டுரையின் பொருள். "இது ஒரு கீயை அழுத்துற சமாச்சாரம்தானே, இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். கீயை ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். அதை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது, அது காட்டும் இடத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதைச் சொல்லத்தான் மீதிப் பக்கங்கள்.

1. இது நமக்கு ஏன் வேண்டும்?

லேபில் நாம் எழுதும் புரோகிராம்களை நினைத்துப் பாருங்கள். ஃபேக்டோரியல், ஃபிபோனாச்சி, பாலிண்ட்ரோம், மேட்ரிக்ஸ் பெருக்கல். முப்பது வரி, மிஞ்சினால் அறுபது வரி. ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும்.

மூன்றாம் ஆண்டில் ப்ராஜெக்ட் வரும்போது கதை மாறுகிறது. சீனியர் பேட்ச் கொடுத்த கோடு, இன்டர்நெட்டில் எடுத்த லைப்ரரி, நாமே சேர்த்த சில வரிகள் என்று எல்லாமாகச் சேர்ந்து நாற்பது ஐம்பது ஃபைல்கள். ஓடுகிறது. எல்.ஈ.டி. எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது. நமக்கும் சந்தோஷம். வைவா அன்று எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்து, திரையில் ஒரு வரியைக் காட்டி, "தம்பி, இந்த ஃபங்ஷன் எங்க இருக்கு? உள்ள என்ன பண்ணுதுன்னு காட்டுங்க" என்று கேட்பார். அப்போதுதான் மவுஸ் சக்கரம் மேலும் கீழும் உருளத் தொடங்கும். பேட்சில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எக்ஸ்டர்னல் பேனாவை எடுத்து மார்க் ஷீட்டில் ஏதோ எழுதுவார். அது என்ன எண் என்று சொல்லவும் வேண்டுமா?

வேலைக்குப் போனாலும் இதே நிலைதான். புதிதாகச் சேர்ந்தவரிடம் யாரும் வெற்றுத் திரையைக் கொடுத்து "எழுது" என்று சொல்வதில்லை. பல வருடமாகப் பலர் எழுதிய ஃபோல்டரைக் கொடுத்து, "இதுல ஒரு பக் இருக்கு, பாருங்க" என்பார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, பிறர் எழுதியதற்குள் நடமாடவும் தெரிய வேண்டும். நாம் லேபில் அதிகம் பழகாத வித்தை இது என்றால் மிகையாகாது.

2. அழைப்பிதழ், அழைப்பு, மண்டபம்

ஒரே ஃபங்ஷனின் பெயர் ஒரு புரோகிராமில் மூன்று விதமான இடங்களில் வரும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது டிக்ளரேஷன். இது கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஃபங்ஷனின் பெயர் என்ன, என்னென்ன வாங்கிக்கொள்ளும், என்ன திருப்பித் தரும் என்ற விவரம் மட்டும் இருக்கும். கடைசியில் ஒரு அரைப்புள்ளி. பெரும்பாலும் ஹெடர் ஃபைலில் இருக்கும். பத்திரிகையைப் பார்த்துச் சாப்பிட முடியுமா? முடியாது. அதுபோல டிக்ளரேஷனைப் பார்த்து ஃபங்ஷன் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது டெஃபனிஷன். இதுதான் மண்டபம். நெளி அடைப்புக்குறிக்குள் முழு வேலையும் நடக்கும் இடம். சி மொழியில் ஒரு பொது ஃபங்ஷனுக்குப் பத்திரிகை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். மண்டபம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் லிங்க்கர் சண்டைக்கு வரும்.

மூன்றாவது கால், அதாவது அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடம். இது நூறு இடத்தில்கூட இருக்கலாம்.

எடிட்டரில் வெறும் பெயரைத் தேடினால் இந்த மூன்றும் கலந்து வரும். நமக்கு வேண்டியதோ அதில் ஒன்றே ஒன்று.

3. 'பிளிங்க்' புரோகிராமுக்குள் ஒரு பயணம்

எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் தெரிந்த உதாரணமாக ஆர்டுயினோ ஊனோ போர்டை எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் போடும் புரோகிராம் 'பிளிங்க்'. எல்.ஈ.டி. ஒரு நொடி எரியும், ஒரு நொடி அணையும். 'செட்டப்' என்று ஒரு ஃபங்ஷன், 'லூப்' என்று ஒரு ஃபங்ஷன். உள்ளே 'டிஜிட்டல்ரைட்', 'டிலே' என்று இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம். அவ்வளவுதான்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். சி புரோகிராம் என்றால் 'மெயின்' இருக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே படித்தோமே, இதில் 'மெயின்' எங்கே? 'லூப்' ஃபங்ஷனை நாம் எங்கேயும் கூப்பிடவில்லையே, யார் கூப்பிடுகிறார்கள்? பதில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஆர்டுயினோ மென்பொருளோடு 'கோர்ஸ்' என்ற ஃபோல்டரும் வந்து இறங்கியிருக்கும். அதில் 'மெயின்.சிபிபி' என்று ஒரு ஃபைல். திறந்து பாருங்கள்: சில ஆரம்ப வேலைகள், பிறகு 'செட்டப்' ஒரு தடவை, அதன்பின் முடிவே இல்லாத ஒரு ஃபார் சுற்றுக்குள் 'லூப்' திரும்பத் திரும்ப. "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஒரு பக்கம்கூட இல்லாத ஃபைல் அது.

அடுத்து 'டிஜிட்டல்ரைட்'. 2022-ல் வெளிவந்த ஆர்டுயினோ ஐ.டி.ஈ. 2-இல் பெயர்மேல் ரைட் கிளிக் செய்தால் 'கோ டு டெஃபனிஷன்' என்று வரும். அழுத்தினால் அது 'ஆர்டுயினோ.எச்' என்ற ஹெடர் ஃபைலில் போய் நிற்கக்கூடும். அங்கே ஒரே ஒரு வரி, கடைசியில் அரைப்புள்ளி. பத்திரிகை! பலர் இந்த இடத்தில்தான் "ஒண்ணும் இல்லப்பா" என்று திரும்பி விடுகிறார்கள். மண்டபம் அதே 'கோர்ஸ்' ஃபோல்டரில், 'வயரிங்_டிஜிட்டல்.சி' என்ற ஃபைலில் இருக்கிறது.

அதற்குள் போனால் என்ன தெரிகிறது? நாம் கொடுத்த பின் எண்ணை வைத்து அது எந்த போர்ட், எந்த பிட் என்று ஓர் அட்டவணையில் பார்க்கிறது. ஊனோவில் 13-ஆம் பின் என்பது பி போர்ட்டின் 5-ஆம் பிட். அந்தப் பின் அப்போது பி.டபிள்யூ.எம். கொடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்துகிறது. இண்டரப்டுகளை ஒரு கணம் மூடிவிட்டு, அந்த ஒரு பிட்டை மட்டும் மாற்றி, பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. நேரடியாக போர்ட்டில் எழுதுவதைவிட 'டிஜிட்டல்ரைட்' அதிக நேரம் எடுப்பது ஏன் என்ற வைவா கேள்விக்கு இதோ விடை.

'டிலே' ஃபங்ஷனுக்குள்ளும் போய்ப் பாருங்கள். அது 'வயரிங்.சி' ஃபைலில் இருக்கிறது. உள்ளே ஒரு வைல் சுற்று. மைக்ரோ செகண்டுக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்து, 1000 ஆகும்போதெல்லாம் ஒரு மில்லி செகண்டைக் கழித்துக்கொண்டே இருக்கிறது. அதாவது, 'டிலே' போட்டால் ப்ராசஸர் தூங்குவதில்லை. வாசலில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் பட்டனை அழுத்தினால் நம் 'லூப்' ஏன் கவனிப்பதில்லை என்பது இப்போது தானாகப் புரிகிறது.

யாரும் சொல்லிக் கொடுக்காமல், இரண்டு டெஃபனிஷன்களுக்குப் போய் வந்ததிலேயே இவ்வளவு கிடைத்தது. இதற்காகத்தான் இந்த வித்தை.

4. எடிட்டருக்கு இடம் எப்படித் தெரிகிறது?

எடிட்டர்கள் டெஃபனிஷனைக் கண்டுபிடிக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

(அ) எழுத்தைத் தேடுதல்

இது மிகப் பழைய வழி. டர்போ சி-யில் பழகியவர்களுக்கு கண்ட்ரோலும் க்யூவும் அழுத்தி, பிறகு எஃப் அழுத்தித் தேடுவது நினைவிருக்கும். இன்றைய எடிட்டர்களில் கண்ட்ரோல் எஃப். ஃபோல்டர் முழுக்கத் தேட வி.எஸ். கோடில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். எந்த ஏற்பாடும் தேவையில்லை, எந்த மொழிக்கும் பொருந்தும். ஆனால் எடிட்டருக்கு இங்கே அறிவு கிடையாது. பத்திரிகை, அழைப்பு, மண்டபம், ஏன், கமெண்டில் இருக்கும் பெயரையும்கூடக் கொண்டுவந்து கொட்டும். பொறுக்க வேண்டியது நம் பாடு.

(ஆ) அகராதி போட்டு வைத்தல்

பாடப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளடைவைப் போல, எந்த ஃபங்ஷன் எந்த ஃபைலில் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டால்? இந்த யோசனைதான் 'சிடேக்ஸ்'. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் அர்னால்டு எழுதியது. 1979-ல் வந்த 3 பி.எஸ்.டி. யூனிக்ஸில் இது இடம்பெற்றது. அதோடு சேர்ந்து வேலை செய்த 'விஐ' எடிட்டரை எழுதிய பில் ஜாயும் அதே பெர்க்லியில் மாணவராக இருந்தவர்தான். தங்கள் தேவைக்காக மாணவர்கள் செய்துகொண்ட கருவிகள் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன என்பது நமக்கெல்லாம் உற்சாகம் தரும் செய்தி. பின்னர் டேரன் ஹீபர்ட் எழுதிய 'எக்ஸ்யூபரன்ட் சிடேக்ஸ்' பல மொழிகளுக்கும் விரிந்தது. அதன் கடைசி வெளியீடு 2009-ல். இப்போது அதன் வாரிசாக 'யூனிவர்சல் சிடேக்ஸ்' இருக்கிறது.

பயன்படுத்துவது எளிது. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய், சிடேக்ஸ் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஒரு கழித்தல் குறியும் கேப்பிட்டல் ஆரும் போட்டு என்டர் தட்டினால் போதும். உள் ஃபோல்டர்களையும் சேர்த்துப் படித்து 'டேக்ஸ்' என்ற பெயரில் ஒரு ஃபைல் உண்டாகும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், திறந்தே பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் முக்கியமாக மூன்று விவரங்கள்: பெயர், ஃபைல், அந்த ஃபைலில் எந்த வரி என்று தேடிக் கண்டுபிடிக்க அந்த வரியின் எழுத்துகள்.

வரி எண்ணைப் போட்டாலே போதுமே, வரியின் எழுத்துகள் எதற்கு? யோசித்துப் பாருங்கள். நாம் மேலே இரண்டு வரி சேர்த்தால் கீழே உள்ள எல்லா எண்களும் மாறிவிடும். எழுத்துகள் மாறாது. இதைத்தான் அனுபவம் என்பது!

இன்னொரு நுட்பம். அந்தப் பட்டியல் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அதனால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் நாம் படித்த பைனரி சர்ச்சை இங்கே பயன்படுத்தலாம். இரண்டை இருபது தடவை பெருக்கினால் 10,48,576. ஆகவே 10 லட்சம் பெயர்கள் இருந்தாலும் சுமார் 20 ஒப்பீடுகளில் விடை கிடைத்துவிடும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பைனரி சர்ச் இங்கே சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது.

குறை ஒன்று உண்டு. இன்று புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதினால் நேற்றுப் போட்ட பட்டியலில் அது இருக்காது. மறுபடியும் சிடேக்ஸ் ஓட்ட வேண்டும்.

(இ) மொழி தெரிந்தவரிடம் கேட்டல்

மூன்றாவது வழியில், கம்பைலர் படிப்பதைப் போலவே புரோகிராமை முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தனி மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு 'லாங்வேஜ் சர்வர்' என்று பெயர். சி, சி பிளஸ் பிளஸ் இரண்டுக்கும் 'கிளாங்டி', பைத்தானுக்கு 'பைரைட்' என்று மொழிக்கு ஏற்ப உண்டு. 'டோட்டல்' என்று ஒரு ஃபங்ஷனும், வேறு இடத்தில் அதே பெயரில் ஒரு வேரியபிளும் இருந்தால், நீங்கள் எதன்மேல் நிற்கிறீர்கள் என்று இதற்குத் தெரியும். முதல் வழிக்குத் தெரியாது.

முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. 10 எடிட்டர், 20 மொழி என்றால் 200 வேலை. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 'லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற பொது ஒப்பந்தத்தை அறிவித்தன. எல்லோரும் ஒரே முறையில் கேட்டு ஒரே முறையில் பதில் சொன்னால் 10-உம் 20-உம் சேர்ந்து 30 வேலைதான். எடிட்டர் கேட்பது இவ்வளவே: "இந்த ஃபைல், இத்தனையாவது வரி, இத்தனையாவது எழுத்து. இங்கே இருக்கும் பெயருக்கு டெஃபனிஷன் எங்கே?" சர்வர் பதில் சொல்வது: "அந்த ஃபைல், அந்த வரி." வேடிக்கை என்னவென்றால், சி அர்ரேயைப் போல இங்கேயும் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. நமக்கு 12-ஆம் வரி, அவர்களுக்கு 11.

5. போனால் போதுமா? திரும்பி வர வேண்டாமா?

இதுதான் பலரும் கவனிக்காத பகுதி. ஒரு ஃபங்ஷனுக்குள் போகிறோம். அங்கே இன்னொன்றைக் கூப்பிடுகிறார்கள், அதற்குள் போகிறோம். அங்கிருந்து மூன்றாவது. நாலாவது இடத்தில் நிற்கும்போது, "நாம எதுக்குடா இங்க வந்தோம்?" என்று மறந்துவிடுகிறது. பிறகு பழைய ஃபைலைத் தேடி, பழைய வரியைத் தேடி... யோசனையின் நூல் அங்கேயே அறுந்துவிடும்.

எடிட்டர்கள் இதற்கும் வழி வைத்திருக்கின்றன. நீங்கள் தாவும் ஒவ்வொரு முறையும் கிளம்பிய இடத்தைக் குறித்துக்கொள்கின்றன. திரும்பச் சொன்னால் கடைசியாகக் குறித்ததை முதலில் எடுக்கின்றன. இது என்ன? நமக்குத் தெரிந்த ஸ்டாக்தான். போவது புஷ், திரும்புவது பாப். ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிடும்போது கம்ப்யூட்டர் செய்வதும் இதேதான்.

விம் எடிட்டரில்: கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் டெஃபனிஷனுக்குப் போகும். கண்ட்ரோலும் டீயும் (டீக்கடையின் டீ!) அழுத்தினால் திரும்பும். இதற்கு மேலே சொன்ன டேக்ஸ் ஃபைல் அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

வி.எஸ். கோடில்: எஃப் 12 அழுத்தினால், அல்லது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பெயரை கிளிக் செய்தால் போகும். திரும்ப, விண்டோஸில் ஆல்ட்டும் இடது அம்புக்குறியும்; லினக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், கழித்தல் குறி. இருந்த இடத்தை விட்டு நகராமல் ஒரு சின்னச் சன்னலில் எட்டிப் பார்க்க, விண்டோஸில் ஆல்ட்டும் எஃப் 12-உம். யார் யார் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய ஷிஃப்ட்டும் எஃப் 12-உம். ஒரே ஃபைலுக்குள் இருக்கும் எல்லா ஃபங்ஷன்களின் பட்டியலுக்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. ப்ராஜெக்ட் முழுக்கப் பெயரைச் சொல்லித் தேட கண்ட்ரோலும் டீயும்.

போகிற கீயையும் திரும்புகிற கீயையும் சேர்த்தே பழகுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் ஒற்றைச் செருப்போடு நடப்பதற்குச் சமம்.

இன்னொரு முக்கியக் குறிப்பு. வி.எஸ். கோடில் ஒரு ஃபைலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எஃப் 12 வேலை செய்யவில்லை என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. ஃபோல்டரையே திறக்க வேண்டும். சி மொழிக்கான எக்ஸ்டென்ஷனையும் போட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டைக் காட்டாமல் பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டால் அது எங்கே போகும்?

6. எடிட்டர் கையை விரிக்கும் இடங்கள்

எவ்வளவு நல்ல எடிட்டராக இருந்தாலும் சில இடங்களில் "தெரியாது" என்று சொல்லும், அல்லது பாதி வழியில் இறக்கிவிடும். அது எங்கே என்று தெரிந்திருப்பது நல்லது. இதற்கு லினக்ஸ் கெர்னலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியபோது பத்தாயிரம் வரி அளவில் இருந்தது, இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

முதல் இடம், மேக்ரோ. ஃபைலைப் படிக்கும் 'ரீட்' சிஸ்டம் காலுக்கு கெர்னலில் 'சிஸ்_ரீட்' என்று பெயர். அந்தப் பெயரை எழுத்துத் தேடலில் போட்டால் டிக்ளரேஷன் கிடைக்கும், டெஃபனிஷன் கிடைக்காது! காரணம், 2009 முதல் அதை 'சிஸ்கால்_டிஃபைன்3' என்ற மேக்ரோவுக்குள் 'ரீட்' என்று மட்டும் கொடுத்து எழுதுகிறார்கள். 3 என்பது வாங்கிக்கொள்ளும் ஆர்குமென்டுகளின் எண்ணிக்கை. முழுப் பெயரை மேக்ரோதான் ஒட்டவைக்கிறது. எழுதப்படாத பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கெர்னல்காரர்களுக்கே இந்தத் தொல்லை தெரியும். அதனால்தான் கெர்னலோடு வரும் டேக்ஸ் ஸ்கிரிப்டில், இந்த மேக்ரோவைக் கண்டால் 'சிஸ்_' சேர்த்துப் பட்டியலில் எழுது என்று தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது இடம், ஃபங்ஷன் பாயிண்டர். 'விஎஃப்எஸ்_ரீட்' என்ற ஃபங்ஷனுக்குள் போனால், அது ஒரு ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் 'ரீட்' என்ற பாயிண்டர் வழியாக வேறு ஒருவரைக் கூப்பிடும். யார் அவர்? பென் டிரைவா, ஹார்டு டிஸ்க்கா, கீபோர்டா என்பதைப் பொறுத்து ஓடும்போதுதான் தெரியும். எஃப் 12 அழுத்தினால் ஸ்ட்ரக்சரில் அந்தப் பாயிண்டர் அறிவிக்கப்பட்ட வரியில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குமேல் அதன் பொறுப்பு இல்லை. இங்கே நாம்தான் யோசித்து, அந்தப் பாயிண்டருக்கு எங்கெங்கே ஃபங்ஷன் பெயர் கொடுக்கப்படுகிறது என்று தேட வேண்டும்.

மூன்றாவது, பைத்தான் போன்ற மொழிகள். அங்கே ஒரு வேரியபிளில் என்ன வகை ஆப்ஜெக்ட் வரும் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. சர்வர் ஊகிக்கும்; சில நேரம் ஊகம் பலிக்காது. ஃபங்ஷன் எழுதும்போது 'டைப் ஹின்ட்' கொடுத்துவிட்டால் ஊகிக்க வேண்டிய வேலையே குறைகிறது.

ஆக, எடிட்டர் வழி காட்டும். வழி முடியும் இடத்தில் மண்டையைத்தான் உபயோகிக்க வேண்டும்.

லேப்டாப் இல்லாத நண்பர்களுக்கு ஒரு சேதி. பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் 'எலிக்ஸிர்' என்ற இணையதளத்தை நடத்துகிறது. லினக்ஸ் கெர்னல் முழுவதும் அதில் இருக்கிறது. எந்தப் பெயரைத் தொட்டாலும் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பட்டியல் வரும். செல்போன் போதும், பஸ்ஸில் போகும்போதே படிக்கலாம்.

7. தேடுபவருக்கு நாம் செய்யும் உபகாரம்

இதுவரை தேடுபவர் பக்கம் நின்று பேசினோம். எழுதுபவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை.

குனு அமைப்பின் கோடு எழுதும் விதிகளில் ஒன்று: ஃபங்ஷன் டெஃபனிஷனில் அதன் பெயர் வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். திருப்பித் தரும் வகையை அதற்கு மேல் வரியில் எழுதிவிடுவார்கள். பார்ப்பதற்கு விநோதமாக இருக்கும். காரணம் அந்த விதியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது: தேடுபவர்களுக்கு உதவியாக இருக்கும் என்பதற்காக. கூப்பிடும் வரிகள் எப்போதும் உள்ளே தள்ளி இருக்கும். ஆகவே வரியின் தொடக்கத்தில் இருக்கும் பெயரை மட்டும் தேடினால் நேரே மண்டபம்! எந்தக் கருவியும் இல்லாமல், எழுதும் ஒழுங்கை வைத்தே தேடலை எளிதாக்கியிருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை சில:

* 'ஏ', 'எக்ஸ்', 'ஃபன்1' என்று பெயர் வைக்காதீர்கள். 'ஃபன்1' என்று தேடினால் 'ஃபன்10', 'ஃபன்11' எல்லாம் சேர்ந்து வரும். செய்யும் வேலையைச் சொல்லும் பெயராக வையுங்கள்.

* ஒரே பெயரை இரண்டு ஃபைல்களில் இரண்டு வேலைக்கு வைக்காதீர்கள்.

* சம்பந்தப்பட்ட ஃபங்ஷன்களை ஒரே ஃபைலில் வையுங்கள். ஃபைலுக்கும் பொருத்தமான பெயர் கொடுங்கள். ஆர்டுயினோவில் 'வயரிங்_டிஜிட்டல்' என்ற பெயரைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்ததல்லவா?

* பெயரை ஒட்டவைக்கும் மேக்ரோ வித்தைகளை அவசியமில்லாமல் செய்யாதீர்கள்.

* ப்ராஜெக்டைக் கொடுக்கும்போது எந்த ஃபைலில் தொடங்கிப் படிக்க வேண்டும் என்று நாலு வரி எழுதி வையுங்கள்.

நம் ப்ராஜெக்ட் சி.டி.யிலோ பென் டிரைவிலோ அடுத்த பேட்சுக்குப் போகப்போகிறது. அதைத் திறக்கும் ஜூனியர் தம்பியோ தங்கையோ நம் பெயரைச் சொல்லி வாழ்த்துவதும் வேறு மாதிரி சொல்வதும் இந்த நாலு வரியில் இருக்கிறது.

8. வீட்டுப்பாடம்

கட்டுரையைப் படித்தால் மட்டும் வராது, கை பழக வேண்டும். ஆகவே ஒரு சிறு கேள்வி. ஊனோ போர்டின் 13-ஆம் பின்னுக்கு பி.டபிள்யூ.எம். வசதி கிடையாது. அதற்கு 'அனலாக்ரைட்' ஃபங்ஷனில் 100 என்று கொடுத்தால் அங்குள்ள எல்.ஈ.டி. எரியுமா? 200 கொடுத்தால்? மங்கலாக எரியுமா, பிரகாசமாக எரியுமா, எரியவே எரியாதா?

போர்டைத் தொடாமல் விடை கண்டுபிடியுங்கள். 'வயரிங்_அனலாக்.சி' என்ற ஃபைல்தான் மண்டபம். உள்ளே நுழைந்து, ஸ்விட்ச்சின் கடைசிப் பகுதி வரை போய், அங்கிருந்து 'டிஜிட்டல்ரைட்' வரை தாவி, கிளம்பிய இடத்துக்கு ஒரே கீயில் திரும்பி வாருங்கள். பிறகு போர்டை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் படித்ததும் எல்.ஈ.டி. சொல்வதும் ஒன்றாக இருந்தால், அடுத்த வைவாவில் எக்ஸ்டர்னல் எந்த வரியைக் காட்டினாலும் மவுஸ் சக்கரத்தை உருட்ட வேண்டியிருக்காது.